கறுப்புப் பெயின்றுக்குக் கீழே இருந்தது

மகனே,

சுதன் உனக்குச் சொன்னது முழு உண்மையில்லை. கராஜில் லீவு கிடைக்கவில்லை, அதனால்தான் உன் காரை ரேசுக்குக் கொண்டுபோகவில்லை என்று சொல்லியிருப்பான். அப்படிச் சொல்லச் சொன்னது நான். நடந்ததை என் வாயால் உனக்குச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன், ஆனால் தொலைபேசியில் அது முடியாது. நீ ஏதாவது பகிடி விட்டு என்னைச் சிரிக்க வைத்துவிடுவாய். நானும் சொல்ல வந்ததை விழுங்கிவிட்டு, என்ன சமைத்தாய் என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவேன். சென்ற ஞாயிற்றுக்கிழமையும் அதுதான் நடந்தது. ஆகவே எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும். வேலை முடிந்து, கை கழுவி, சாப்பிட்ட பிறகு ஆறுதலாக இருந்து வாசி.

உனக்குத் தெரியும், எனக்குப் பயம் புதிதில்லை. ஆஸ்பத்திரியில் விபத்துப் பிரிவில் தாதியாக இருந்த காலம் முழுவதும் என் கையில் இருந்தது கத்தரிக்கோல். மோட்டார் சைக்கிளில் விழுந்து வரும் பிள்ளைகளின் உடுப்பை வெட்டி எடுப்பதுதான் முதல் வேலை. கழற்ற நேரம் இருக்காது. எத்தனையோ புதுச் சேட்டுகளை வெட்டியிருக்கிறேன். சிலவற்றில் கடைக்காரன் குத்திய ஊசி கூடக் கழுத்துப் பட்டியில் இருக்கும். நீ ரேசுக்குப் போகும் நாட்களில் புதுச் சேட்டைப் போட்டுக்கொண்டு வந்து "எப்பிடி அம்மா?" என்று கேட்பாயே, நான் ஏன் பதில் சொல்லாமல் குசினிக்குள் போய்விடுவேன் என்று நீ ஒருநாளும் கேட்டதில்லை. அந்தச் சேட்டை எங்கிருந்து வெட்டத் தொடங்கலாம் என்று என் கண் தானாகவே பார்த்துவிடும். அதுதான் காரணம்.

நீயும் சுதனும் அந்தப் பழைய யப்பான் காரின் வெளிக்கோதைக் கொண்டுவந்து இறக்கிய நாளில், அப்பா வாழைக்குலை அடுக்கும் கொட்டிலைக் காலி செய்து தந்தார். குலைகள் விறாந்தைக்கு வந்தன. உள்ளே இருந்ததையெல்லாம் நீங்கள் வெட்டி எறிந்தபோது, ஏதோ விளையாடுகிறீர்கள், அலுத்ததும் விட்டுவிடுவீர்கள் என்றுதான் நினைத்தேன். பிறகு இரும்புக் குழாய்கள் வந்தன. அவற்றை வளைத்து, ஒன்றோடொன்று ஒட்டி, காரின் வயிற்றுக்குள் ஒரு கூடு கட்டினீர்கள். எங்கள் நீர்வேலிச் சனம் வந்து வந்து பார்த்தது. "உது என்ன மோனை, கோழிக்கூடோ?" என்று பக்கத்து வீட்டு மாமா கேட்டார். நீ சிரித்துக்கொண்டே "ஓம் மாமா, நான்தான் கோழி" என்றாய்.

முதல் ரேசுக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனாய். தெற்கே, பாவனையில் இல்லாத ஒரு விமான ஓடுபாதை. இரண்டு கார்கள் பக்கத்துப் பக்கமாக நிற்கும், விளக்குப் பச்சையானதும் நேராகக் கால் மைல் ஓடும், அவ்வளவுதான் என்று சொல்லியிருந்தாய். நான் சைக்கிள் ஓட்டம் மாதிரி ஏதோ என்று நினைத்துக்கொண்டு வந்திருந்தேன். பச்சை எரிந்ததும் உன் காரின் முன்சக்கரங்கள் நிலத்தை விட்டுக் கிளம்பின. கார் ஒரு பக்கமாக முறுகியதை என் கண்ணால் கண்டேன், ஈரத் துணியைப் பிழிவது போல. பிறகு புகைதான். மற்றக் கரையில் நீ இறங்கிக் கை காட்டும் வரைக்கும் நான் என் பெயரைக் கூட மறந்துபோனேன். அன்று திரும்பி வரும்போது உன்னிடம் கேட்டேன்: "உன்னை உள்ளுக்கை எதடா பிடிச்சு வைச்சிருக்கு?"

அடுத்த நாள் என் கையைப் பிடித்துக் காருக்குக் கீழே கூட்டிக்கொண்டு போய் ஒவ்வொரு குழாயாகத் தொட வைத்தாய். "இதுதான் அம்மா செசி. காருக்கு எலும்பு. வெளிக்கிடேக்கை எஞ்சின் குடுக்கிற இழுவை முழுக்கப் பின்னச்சாலை, அதான் பின்சில்லின்ரை அச்சாலை, இதுக்குள்ளைதான் ஏறும். இது முறுகும், பேந்து நிமிரும். ஒவ்வொருக்காலும் அப்பிடித்தான்."

"நிமிராமல் விட்டால்?"

"அதுக்குத்தானே அம்மா பாக்கிறது. ஓடி முடிய ஒவ்வொரு மூட்டாப் பாக்கவேணும்."

அன்றைக்கு எனக்கு ஒரு வேலை கிடைத்தது. ரேஸ் முடிந்து கார் வீட்டுக்கு வந்தால் முதலில் கழுவுவது நான்தான். ஆனையிறவுக்குள்ளால் திறந்த ட்ரெய்லரில் வரும்போது உப்புக் காற்று குழாய்களில் படிந்து வரும். விட்டால் கறள் பிடிக்கும். கழுவிக் காய்ந்த பிறகு அப்பாவின் பழைய வேட்டித் துணியால் ஒவ்வொரு மூட்டையும் துடைப்பேன். அதைச் சுதன்தான் சொல்லித் தந்தான். வெடிப்பு கண்ணுக்குத் தெரியாது, ஆனால் துணியின் நூல் அதில் சிக்கும் என்றான். "நூல் எங்கையாவது பிடிச்சா என்னைக் கூப்பிடுங்கோ அன்ரி" என்பான். அவன்தான் செசிக்கு இளஞ்சாம்பல் நிறம் அடிக்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்றவன். வெளிர் நிறமென்றால் வெடிப்பு விழுந்த இடத்தில் கோடு தெரியும் என்று சொன்னான். நூல் சிக்காத நாட்களில் நான் நிம்மதியாகத் தூங்கினேன். அந்தத் துடைப்பு உனக்கு ஒரு பகிடி. "அம்மா காருக்கு மருந்து கட்டுறா" என்று நண்பர்களுக்குச் சொல்வாய். எனக்கு அது ஒரு பிடிமானம், மகனே. பயத்தோடு சும்மா இருக்க முடியாது. கைக்கு ஏதாவது வேலை வேண்டும்.

பிறகு அந்த மழைக்கால ரேஸ். கார் பாதியில் வழுக்கிப் பக்கத் தடுப்பில் மோதியது. நான் அன்று வரவில்லை. நீ வீட்டுக்கு வந்து "ஒண்டுமில்லை, சின்னத் தட்டு" என்றாய். சுதன் அப்போது கொழும்பில் ஏதோ பயிற்சியில் இருந்தான். அடுத்த ரேசுக்கு நாள் கிட்டியிருந்தது. நீ தனியாகக் கொட்டிலுக்குள் இருந்து வெல்டிங் அடித்தாய். இரண்டு நாள் கழித்து நான் துணியோடு போனபோது செசி முழுவதும் கறுப்பாக இருந்தது. மூட்டுகளெல்லாம் வழுவழுவென்று, உருக்கி ஊற்றியது போல இருந்தன. "வடிவா இருக்கு, என்ன?" என்று கேட்டாய். வடிவாகத்தான் இருந்தது. ஆனால் சாரதிப் பக்கக் கதவைச் சாத்தப் போனபோது, அதைக் கொஞ்சம் தூக்கித்தான் சாத்த வேண்டியிருந்தது. முன்பு அப்படி இல்லை. கேட்டேன். "பழைய கார்தானே அம்மா" என்றாய்.

அதற்குப் பிறகு இரண்டு முறை ஓடினாய். இரண்டாவது முறை வென்றாய். கிண்ணம் இன்னும் ஹோலில் தொலைக்காட்சிக்கு மேலே இருக்கிறது. அதன் பிறகு விசா வந்தது, உடுப்பிட்டிச் சித்தி வீட்டில் விருந்து வந்தது, மெல்பேர்ணில் ரேஸ் கார் கராஜ் வேலைக்குப் பயணம் வந்தது. கார் படங்குத் துணியால் மூடியபடி கொட்டிலுக்குள் நின்றது.

நீ போய் இரண்டாம் மாதம் தொலைபேசியில் சொன்னாய், காரைச் சுதனுக்குக் கொடுக்கச் சொல்லி. அவன் தன் பெயரில் ஓடட்டும், சும்மா நின்றால் பழுதாகிவிடும் என்றாய். நான் ஓம் என்றேன். அவன் அடுத்த நாளே ட்ரெய்லரோடு வந்துவிட்டான். கூடவே அவன் மனைவி கௌரியும் வந்திருந்தாள். கலியாணமான புதிதில் இருந்த அதே சந்தோசம் அவன் முகத்தில். அதைக் கண்டதும் எனக்குப் பயம் வந்தது. உன்னை ஏற்றிவிட்ட பயம் ஒன்று, அது பழகிப்போனது. இது மற்றவள் பெற்ற பிள்ளை. அவன் தாய் என்னோடு கோயிலில் கதைப்பவள். "தம்பி, ஒருக்காக் கழுவித் துடைச்சுத் தாறன், இருங்கோ" என்றேன். அவன் மறுக்கவில்லை.

சாரதி இருக்கும் சீற்றுக்குப் பின்னால், கீழே, பின்னச்சைப் பிடிக்கிற இரும்புக் காது குழாயோடு ஒட்டியிருக்கிறதே, அந்த இடத்தில் துணி நின்றது. இழுத்தேன். ஒரு நூல் அதில் தொங்கியது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். கறுப்பில் ஒன்றும் தெரியவில்லை. நகத்தால் தடவினேன், நகமும் பிடித்தது. விரலில் மண்ணிறமாக ஏதோ ஒட்டியது. கறள்.

சுதன் குனிந்து பார்த்துவிட்டு, "பெயின்ற் வெடிச்சிருக்கு அன்ரி. அவ்வளவுதான்" என்றான். குரல் மட்டும் கொஞ்சம் இறங்கியிருந்தது. நான் கார்ச் சாவியைக் கொடுக்காமல் என் கைக்குள் வைத்துக்கொண்டு, "அப்ப பெயின்றைச் சுரண்டிப் பாப்பம்" என்றேன்.

சுரண்டினான். நீ கிரைண்டரால் மழித்த வெல்டிங் வெளியே வந்தது. அவன் அதை விரலால் தடவிப் பார்த்தான். பிறகு சொன்னான்: "உவன் ஏன் இதை மழிச்சவன்? வெல்டிங் திரண்டு நிக்கிறதுதான் பலம். வடிவுக்கெண்டு மழிச்சா மெலிஞ்சு போகுமெண்டு அவனுக்குத் தெரியும்." கராஜுக்குப் போய் மூன்று ரின் மருந்து கொண்டுவந்தான். ஒன்றால் அந்த இடத்தைச் சுத்தம் செய்தான். அடுத்ததால் சிவப்புச் சாயம் அடித்தான். பொறுத்திருந்து, சாயத்தைத் துடைத்தெடுத்துவிட்டு, மேலே வெள்ளைப் பவுடரை ஊதினான். வெடிப்புக்குள் இறங்கிய சாயம் இருந்தால் வெள்ளையில் கசிந்து வரும் என்றான். நாங்கள் நாலு பேரும், அப்பாவும் சேர்த்துத்தான், குந்தி இருந்து பார்த்தோம்.

காயத்துக்குக் கட்டிய சீலையில் இரத்தம் ஊறி வருவதை நான் ஆயிரம் தடவை பார்த்தவள். அப்படித்தான் வந்தது. முதலில் ஒரு புள்ளி. பிறகு மயிர் போல ஒரு கோடு. அது வளைந்து, குழாயைச் சுற்றிக்கொண்டு, மறுபக்கம் போய், கிட்டத்தட்ட முழு வட்டமாக நின்றது. கொஞ்சம் மட்டும்தான் மிச்சம் இருந்தது. அந்தக் கொஞ்சத்தில்தான் அந்த இடம் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறது. கௌரி எழும்பி வெளியே போய்விட்டாள்.

சுதன் அளவு நாடா எடுத்து, அப்பாவை ஒரு நுனியைப் பிடிக்கச் சொல்லி, செசியை மூலைக்கு மூலை அளந்தான். இரண்டு குறுக்களவும் ஒன்றாக இருக்க வேண்டுமாம். ஒரு விரல் அகலம் வித்தியாசம் இருந்தது. அந்த மழைக்கால மோதலில் செசியே கோணிப்போயிருக்கிறது. கதவு ஏன் சாத்துப்படவில்லை என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. அப்பா நாடாவை விடாமல் பிடித்துக்கொண்டே கேட்டார்.

"உதிலையோ இவன் பேந்து ரண்டு தரம் ஓடினவன்?"

"ஓம் மாமா."

"அண்டைக்கு வெண்டதும் உதிலைதானோ?"

"ஓம்."

அப்பா அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார். உன் அப்பா ஒரு ரேசுக்கும் வந்தவரில்லை, உன்னிடம் அதைப் பற்றி நாலு வார்த்தை கதைத்தவருமில்லை. அன்று மத்தியானம் சாப்பிடக் கூப்பிட்டபோதும் எழும்பவில்லை.

நடக்கப்போகிற ஒன்றுக்குப் பயப்படுவது எனக்குத் தெரியும். நடந்து முடிந்த ஒன்றுக்கு, அதுவும் நடக்காமல் போன ஒன்றுக்கு இப்படிப் பயப்படலாம் என்று எனக்குத் தெரியாது. நீ கிண்ணத்தோடு இறங்கி வந்த அந்த நாளை நான் எத்தனை தரம் நினைத்துச் சந்தோசப்பட்டிருப்பேன். இப்போது நினைத்தால் நான் பார்ப்பது உன்னை இல்லை, உன் முதுகுக்குப் பின்னால் இருந்த அந்தக் கொஞ்ச இரும்பை. நீ பத்திரமாக அங்கே இருக்கிறாய் என்று தெரிந்தும் அந்தப் பயம் போகவில்லை. இந்தக் கடிதத்தில் எழுத்துக் கோணலாக இருந்தால் அதுதான் காரணம்.

ஆனால் என்னை உண்மையாகப் பயப்படுத்தியது அந்த வெடிப்பில்லை. இதைச் சொல்லத்தான் இவ்வளவையும் எழுதினேன்.

சுதன் உனக்கு அழைப்பெடுத்தான். தொலைபேசியைச் சத்தமாகப் பேச வைத்து, காரின் மேல் வைத்துவிட்டுக் கை துடைத்துக்கொண்டிருந்தான். நாங்கள் பக்கத்தில் நிற்பது உனக்குத் தெரியாது. அவன் விசயத்தைச் சொன்னான். பின்னச்சுக் காதடியில் வெடித்திருக்கிறது, சுற்றி வந்துவிட்டது, செசியும் கோணல் என்றான். பின்னால் ஏதோ இயந்திரம் இரைந்துகொண்டிருந்தது. நீ அவசரத்தில் இருந்தாய். நீ சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"அது எனக்குத் தெரியும் மச்சான். அண்டைக்கே கொஞ்சம் கிடந்தது. ஒரு பிளேற்றை வைச்சு அடிச்சுப்போட்டு ஓடு. ஒரு ஓட்டம்தானே, தாங்கும்."

சுதன் தொலைபேசியை வைத்துவிட்டான். என் முகத்தைப் பார்க்க அவனுக்குக் கஷ்டமாக இருந்தது. "அன்ரி, அவன் இஞ்சை நிண்டு கண்ணாலை பாத்திருந்தா அப்பிடிச் சொல்லியிருக்க மாட்டான்" என்றான். உனக்காகத்தான் சொன்னான். நல்ல சிநேகிதன்.

"அண்டைக்குக் கண்ணாலை பாத்தவன்தானே தம்பி" என்றேன் நான்.

அவன் அதற்குப் பிறகு யாரையும் கேட்கவில்லை. கிரைண்டரை எடுத்து வெடிப்புக்கு இரண்டு பக்கமும் வைத்து அந்தக் குழாயை வெட்டி எடுத்தான். வெட்டிய துண்டைத் தலைகீழாகப் பிடித்துத் தட்டினான். உள்ளேயிருந்து கறள் செதில் செதிலாகக் கொட்டியது. தீயணைக்கும் போத்தலை மாட்ட நீ துளைத்த ஓட்டை திறந்தபடி கிடந்ததாம். அதற்குள்ளால் தண்ணீர் இறங்கி, நின்று, உள்ளிருந்தே அரித்திருக்கிறது. நான் கழுவிய தண்ணீராகவும் இருக்கலாம். குழாயின் சுவர் பிஸ்கற் ரின் தகடு மாதிரி மெலிந்திருந்தது. பிளேற் வைத்து அடித்திருந்தால் அந்தத் தகட்டில்தான் அடித்திருப்பான். கௌரி உள்ளே வந்து அந்தத் துண்டைக் கேட்டு வாங்கினாள். "எனக்கு வேணும். இவர் இனி அவசரமெண்டு வெளிக்கிடேக்கை காட்டுறதுக்கு" என்றாள். ட்ரெய்லரை இழுத்து வந்த வண்டியில் போகும்போது அதை மடியில் வைத்துக்கொண்டு போனாள். ட்ரெய்லர் வெறுமையாகவே திரும்பிப் போயிற்று.

அந்த ரேஸ் நடந்து முடிந்துவிட்டது. சுதன் போய்ப் பார்வையாளரோடு நின்று பார்த்துவிட்டு வந்தான். அவனுக்குக் கவலைதான், மறைக்கவில்லை. இப்போது சனி, ஞாயிறுகளில் வந்து பின்பக்கம் முழுவதையும் வெட்டிப் புதிதாகக் கட்டுகிறான். வெல்டிங்கை மழிக்கவில்லை. ஓட்டைகளை அடைத்திருக்கிறான். அப்பா நாடா பிடிக்கிறார். எப்போது முடியும் என்று நான் கேட்பதில்லை. முடிந்து அவன் ஓடுகிற நாளிலும் எனக்குப் பயமாகத்தான் இருக்கும்.

நீ ரேசை விட வேண்டும் என்று நான் எழுதவில்லை. விடமாட்டாய் என்று தெரியும். அங்கே உன் சீற்றில் நீ இருந்து ஓடினால், அது உன் உயிர், உன் விருப்பம் என்று என்னை ஒருவாறு தேற்றிக்கொள்வேன். ஆனால் போன ஞாயிறு நீ சொன்னது அப்படியில்லை. முதலாளிக்கு உன் வேலை பிடித்துவிட்டது, இப்போது ஓட முன்னரும் ஓடிய பின்னரும் செசி பார்க்கிற வேலையை உன்னிடம் தந்திருக்கிறார்கள், நீ சரி என்றால்தான் கார் வெளியே போகும் என்றாய். எவ்வளவு பெருமையாகச் சொன்னாய். நான் "நல்லது மோனை" என்றேன். அந்தக் காரை ஓட்டுவது ஒரு பெண்பிள்ளை, உன்னை விட இளையவள், கெட்டிக்காரி என்றும் சொன்னாய்.

அவள் நூல் சிக்குகிறதா என்று துடைத்துப் பார்க்கப் போவதில்லை. பெயின்றைச் சுரண்டப் போவதில்லை. உன் முகத்தைப் பார்ப்பாள். நீ தலையை ஆட்டினால் ஏறி இருப்பாள். ஏதோ ஒரு நாள் நேரம் போதாமல் இருக்கும், ஆட்கள் அவசரப்படுத்துவார்கள், நீ ஒரு மயிரளவு கோட்டைக் காண்பாய். உன் வாய்க்குள் அந்தச் சொல் தயாராக இருக்கும். ஒரு ஓட்டம்தானே. அதை நீ சுதனுக்கு எவ்வளவு இலேசாகச் சொன்னாய் என்று என் காதாலேயே கேட்டேன். யோசிக்கக் கூட இல்லை. அந்த இலேசுதான் மகனே என்னைத் தூங்க விடவில்லை. எனக்கு இருக்கிற பயத்தில் பாதியையாவது நீ எடுத்துக்கொள். வெட்கப்படாதே. பயந்தவன் இன்னொரு தரம் குனிந்து பார்ப்பான். இந்தக் கார் இன்றைக்கு ஓடாது என்று சொன்னால் ஏசுவார்கள், சிரிப்பார்கள், வேலையை விட்டுக்கூட நிறுத்தலாம். நிறுத்தட்டும். வீட்டுக்கு வா.

அந்தப் பிள்ளைக்கும் எங்கேயோ ஒரு தாய் இருப்பாள். ஒருவேளை அவளும் மகள் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வரும்போது பதில் சொல்லாமல் உள்ளே போகிறவளாக இருக்கலாம். அவளுக்கு உன்னைத் தெரியாது. எனக்கு அவளைத் தெரியாது. அடுத்த ஞாயிறு எடுக்கும்போது சமையலைப் பற்றிக் கேட்க மாட்டேன். அந்தப் பிள்ளையின் பெயரைக் கேட்பேன். தெரியாது என்று சொல்லாதே, கேட்டு வைத்திரு. இனி நான் பயப்பட வேண்டியது அவளுக்காகவும்தான், பெயர் தெரியாமல் அதை எப்படிச் செய்வது?

அம்மா